மூச்சில் வடித்த சாராயம்

அருப்புக்கோட்டையில் என்னைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும், "அழகுராஜாவா? குடிகாரரு, ஆனா நல்ல மனுஷன்" என்பார்கள். முதல் பாதி பொய். இரண்டாவது பாதியை நானே ஆமோதித்தால் அழகாக இருக்காது. என் வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவை நாக்கில் வைத்ததில்லை. இருமல் மருந்து வாங்கினால்கூட அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். ஆனாலும் என் வாயிலிருந்து எந்நேரமும் சாராய வாடை அடிக்கும். அதுவும் லேசாக இல்லை, கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றவன் வாயிலிருந்து அடிப்பதைப் போல.

இதை நம்புவதற்குக் கொஞ்சம் விஞ்ஞானம் வேண்டும். பயப்பட வேண்டாம், எனக்கே கொஞ்சம்தான் தெரியும்.

கடலாடிக்குத் தெற்கே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் பொட்டலில் எங்கள் ஆலை இருக்கிறது. பெட்ரோல் அருகிப்போய், பஸ்ஸும் லாரியும் எரிசாராயத்தில் ஓட ஆரம்பித்த பிறகு, யாரும் சீந்தாத கருவேலத்துக்கு யோகம் அடித்தது. மரத்தைச் சில்லுகளாக வெட்டி, போதிய காற்று கொடுக்காமல் சூடாக்குவோம். அது சாம்பலாக எரியாமல் வாயுவாகப் பிரிந்துவிடும். அந்த வாயுவில் முக்கியமாக இரண்டு சரக்கு: ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு. அதைக் கழுவிச் சுத்தம் செய்து ரியாக்டருக்குள் அனுப்பினால் மறுமுனையில் சாராயமாக வரும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ரியாக்டருக்குள் செம்பு கலந்த வினையூக்கியைப் போட்டு, பயங்கரச் சூட்டிலும் அழுத்தத்திலும் அந்த வேலையை நடத்தினார்கள். அடிக்கடி மக்கர் பண்ணியது. பிறகு வினையூக்கியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நுண்ணுயிரிகளைக் குடிவைத்தார்கள். மாடு வைக்கோலைத் தின்று பால் கொடுப்பதைப் போல, அவை வாயுவைத் தின்று சாராயம் கொடுத்தன.

தொல்லை எல்லாம் கசிவில்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். என்னோடு ஷிப்டில் இருந்த ஜஸ்டின், டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தான். டீ சிந்தக்கூட இல்லை. அவனுக்கு முன்னும் பின்னும் இன்னும் சிலர். குழாய்களை எல்லாம் மாற்றுவதென்றால் ஆலையை நெடுநாள் மூட வேண்டியிருக்கும் என்று நிர்வாகம் யோசித்தது. யோசித்துவிட்டு, குழாயை மாற்றுவதைவிட ஆளை மாற்றுவது சுலபம் என்ற முடிவுக்கு வந்தது.

கம்பெனி டாக்டர் மெர்சி எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விளக்கினார்.

"ரியாக்டர்ல இருக்கிற அதே பூச்சிதான், அழகுராஜா. கொஞ்சம் பழக்கி எடுத்திருக்கோம். ஒரு தடவை மூச்சுல இழுத்தாப் போதும், நுரையீரல்ல தங்கிக்கும். கேஸ் உங்க ரத்தத்துக்குப் போறதுக்கு முந்தி அது தின்னுடும். நீங்க சாக மாட்டீங்க."

"தின்னுட்டு என்ன டாக்டர் பண்ணும்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரியாக்டர்ல என்ன பண்ணுதோ, அதைத்தான் பண்ணும்."

ஜஸ்டினின் டம்ளர் என் கண்ணைவிட்டுப் போகாத நேரம் அது. எனக்கு வீட்டில் சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். மூச்சை இழுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆலையில் யாரும் சாகவில்லை. கசிவு வந்தால் இப்போது எங்களுக்கே தெரிந்துவிடும். முதலில் நாக்கு தடிக்கும், பிறகு கால் பின்னும், பிறகு காரணமில்லாமல் சிரிப்பு வரும். நான்கு பேர் சேர்ந்து சிரித்தால் வால்வை மூடிவிட்டு வெளியே ஓடுவோம். கசிவே இல்லாத நாளிலும் ஆலைக் காற்றில் கொஞ்சம் வாயு இருந்துகொண்டே இருப்பதால் வாடை மட்டும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஊருக்கு வந்தாலும் போகாது. அடுப்புப் புகை, பஸ் புகை, சாம்பிராணி, எதுவாக இருந்தாலும் உள்ளே இருக்கிற ஜீவன்களுக்கு விருந்துதான்.

நிர்வாகம் இதை வெளியே சொல்லக் கூடாது என்றது. சொன்னாலும் நம்ப யார் இருக்கிறார்கள்? "கேஸு மூச்சுல போயி சாராயமா மாறுதாம்ல" என்று என் மச்சினன் ராமபாண்டி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். குடிகாரர்கள் சொல்லும் சாக்குகளில் இது புது மாதிரி என்று எனக்கு ஒரு பேர் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் மகளின் ஆண்டு விழாவுக்குப் போனால் பக்கத்து நாற்காலிகள் மெல்ல மெல்லக் காலியாகும். பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் ஊதச் சொல்லும் கருவி என்னைக் கண்டாலே அலறும். சாராயத்தில் ஓடுகிற பஸ்ஸில் சாராய வாடைக்காக என்னை இறக்கிவிடுவார்கள். இதை நினைத்து எத்தனையோ முறை தனியாகச் சிரித்திருக்கிறேன். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நம்பியவள் ஒருத்திதான், என் மனைவி பாண்டீஸ்வரி. அவள் என்னைச் சந்தேகமாக ஒரு கேள்வி கேட்டதில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில், கல்யாண வீட்டில், கோயில் வாசலில் எல்லாம் எனக்காக மல்லுக்கட்டினாள். கடைசியில் ஒருநாள் பொறுமையாகச் சொன்னாள்.

"நீங்க குடிக்கலைன்னு எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியலையே. நீங்க அங்க பொட்டக்காட்டுல இருந்துக்கிடுதீக. நான் இந்த ஊருலதான இருக்கேன்."

அவள் என்ன கேட்கிறாள் என்று புரிந்தது. ஆலைக் குடியிருப்பில் ஓர் அறை வாங்கிக்கொண்டேன். ஊருக்கு வருவது குறைந்தது. பிறகு தீபாவளி, பொங்கல் என்றானது. பிறகு அதுவும் போனில் முடிந்துவிட்டது. அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கருவேலமும், கருவேலத்துக்கு அப்பால் மேலும் கருவேலமும் தெரியும். வெட்ட வெட்ட முளைக்கிற அந்த மரத்தை நான் பார்த்துக்கொண்டிருக்க, என் மகள் சஷ்டிகா போனிலேயே வளர்ந்து, போனிலேயே படித்து முடித்தாள். அவள் என்னை நம்புகிறாளா என்று நான் கேட்டதில்லை. பதில் எப்படி வருமோ என்ற பயம்தான்.

அவளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை கௌதம்பாண்டி, தங்கமான பையன். அவனுடைய அப்பா குருவையா பந்தல், ஒலிபெருக்கி, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். அவருடைய அண்ணன் குடித்தே செத்துப்போனவர் என்பதால் வாடை என்றாலே அவருக்கு ஆகாது. என்னைப் பற்றிக் கேள்விப்பட்டுவிட்டு ஆலைக்கே நேரில் வந்தார். சண்டை போடவில்லை. கை கூப்பித்தான் சொன்னார்.

"கோவிச்சுக்கிடாதீக சம்பந்தி. வாடை இல்லாம வந்தீகன்னா நீங்கதான் தாரை வார்க்கணும், அதுல மாத்தமே இல்ல. வாடை அடிச்சுச்சுன்னா உங்க மச்சினன் வார்க்கட்டும். எங்க வீட்டுப் பொம்பளைக தாங்க மாட்டாக."

மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்து, மேலே நீர் வார்த்துக் கொடுப்பது. ஒரு நிமிட வேலைதான். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அந்த ஒரு நிமிடம் வேண்டும் என்று தோன்றியது. மெர்சி டாக்டரிடம் போய், இந்தப் பூச்சிகளை அடியோடு எடுத்துவிட முடியாதா என்று கேட்டேன். அவை என் நுரையீரலோடு ஒன்றாகிவிட்டன, எடுக்க முடியாது என்றார். ஆனால் வேறொரு வழி சொன்னார்.

"பட்டினி போடலாம். கொஞ்சங்கூட கேஸ் கிடைக்கலைன்னா அது தூங்கிடும். சாகாது, தூங்கும். புகையே இல்லாத இடமாப் பாத்து ஒரு மாசம் இருங்க. வாடை போயிடும். ஆனா ஒண்ணு, மறுபடி கேஸ் பட்டா உடனே முழிச்சுக்கும். பசியோட வேற இருக்கும்."

விடுப்பு எடுத்துக்கொண்டு மாரியூர்க் கடற்கரைக்கு அப்பால், படகுகூட வராத ஓரிடத்தில் பழைய உப்பளக் கொட்டகை ஒன்றைப் பிடித்தேன். கடல் காற்று இரவும் பகலும் அடித்தது. அடுப்பு பற்றவைக்கவில்லை. அவலை ஊறவைத்துத் தின்றேன், வாழைப்பழம் தின்றேன், கொசுவர்த்தி ஏற்ற முடியாததால் கொசுக்கடி தின்றேன். பேச ஆளில்லை. அதனால் கல்யாணத்தன்று பேச வேண்டியதை எல்லாம் கடலைப் பார்த்துப் பேசி ஒத்திகை செய்தேன். "வாங்க சம்பந்தி, சாப்பிட்டீகளா?" என்று அலைகளை உபசரித்தேன். தாரை வார்க்கிற மாதிரி ஒரு கையை இன்னொரு கையில் வைத்துக் கடல்நீரை ஊற்றிப் பார்த்தேன். யாராவது பார்த்திருந்தால் குடிகாரன் என்பதோடு பைத்தியம் என்ற பட்டமும் கிடைத்திருக்கும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், முகத்தில் இரண்டு முகமூடிகளை மாட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை மண்டபத்துக்குப் போய் இறங்கினேன். பாண்டீஸ்வரி என்னை மாடிப்படிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனாள். முகமூடியைக் கழற்றச் சொன்னாள்.

"ஊதுங்க" என்றாள், போலீஸ்காரர் மாதிரி.

ஊதினேன். முகத்தைக் கிட்டே கொண்டுவந்து முகர்ந்தாள். மறுபடி ஊதச் சொன்னாள். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவள் முகம் அத்தனை பக்கத்தில் வந்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அவள் முடியில் நரை வந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அன்று ராத்திரி நான் ராஜா. குருவையா கட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தை என் முகத்தருகே வைத்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, இன்னும் இறுக்கமாகக் கட்டிக்கொண்டார். ராமபாண்டிகூட பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். உப்பளக் கொட்டகையில் ஒத்திகை பார்த்த வசனம் ஒவ்வொன்றையும் தவறாமல் சொன்னேன். சஷ்டிகா நடுவில் வந்து என் தோளில் சாய்ந்து நின்றுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, கேட்கவா வேண்டும். முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கும்போதே கரண்ட் போனது. உடனே விளக்குகள் திரும்ப எரிந்தன. குருவையாவின் ஜெனரேட்டர், சத்தமே வராத புது மாடல், எங்கள் எரிசாராயத்தில் ஓடுவது. அதைப் பற்றி அவருக்கு ஏகப் பெருமை. அது ஓட ஆரம்பித்து வெகுநேரம் கழித்து, நான் பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றபோது, மணமகள் அறைக்குச் சஷ்டிகா என்னைக் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

மண்டபத்தின் பின்பக்கம் நீளமாக ஒரு நடைவழி. அதில் கடைசி அறை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் இல்லாத அறை, மேலே மாத்திரம் திறக்க முடியாத கண்ணாடி. சஷ்டிகா கூறைப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். ராமபாண்டியின் மகள் பிரபாவும், அலங்காரம் செய்ய வந்த பெண்ணும் கூட இருந்தார்கள். அந்தப் பெண் பூவை வைத்துக்கொண்டே கொட்டாவி விட்டாள். சஷ்டிகா எழுந்து என் காலைத் தொட்டாள். நிமிரும்போது லேசாகத் தள்ளாடி, பூ ரொம்ப கனமாக இருக்கிறது, தலை வலிக்கிறது என்றாள். நான் அவளை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். வாயைத் திறந்தேன், வார்த்தை குழறியது.

நாக்கு தடித்திருந்தது. அந்தக் கணத்தில் எனக்கு வந்தது அறிவு இல்லை, வெட்கம். ஒரு மாதப் பட்டினியும் வீணாகிவிட்டது, ஏதோ சாம்பிராணிப் புகை பட்டுவிட்டது, இந்தப் பாழாய்ப்போன பூச்சிகள் விழித்துக்கொண்டன என்றுதான் நினைத்தேன். வாயை மூடிக்கொள்வதற்குள் வாடை அவளிடம் போய்விட்டது. மகளின் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

"அப்பா... இன்னைக்குமா?" என்றாள்.

கேட்காமலே வைத்திருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் ஒருநாளும் என்னை நம்பியிருக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் என்று எழுந்து வெளியே ஓடினேன்.

நடையில் இரண்டடி வைப்பதற்குள் கால் பின்னிக்கொண்டது. சுவரைப் பிடித்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் மனம் உடைந்துபோய் உள்ளே உட்கார்ந்திருக்க, காரணமே இல்லாமல் கெக்கெக்கெ என்று சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. ஆலையில் வால்வை மூடிவிட்டு ஓட வைக்கும் சிரிப்பு. சாம்பிராணிக்கு இவ்வளவு போதை ஏறாது.

நடையின் கோடியில் ஜெனரேட்டர் பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. அதன் புகைக்குழாய் பின்கதவைப் பார்த்தபடி இருந்தது. பின்கதவு சாத்தித் தாழ் போடப்பட்டிருந்தது. புகைக்குப் போக வேறு இடமில்லை. மணமகள் அறையின் கதவிடுக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. தலைவலி, கொட்டாவி, தள்ளாட்டம். ஜஸ்டினின் டம்ளர் கண்முன்னால் வந்து நின்றது.

எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியவில்லை. பொத்தான்கள் இருந்த பெட்டியும் பூட்டியிருந்தது. மண்டபத்துக்குத் தள்ளாடிக்கொண்டே ஓடிக் குருவையாவின் கையைப் பிடித்தேன். ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னேன், உள்ளே கேஸ் என்றேன். அப்படித்தான் சொன்னதாக நினைத்தேன். வெளியே என்ன வந்ததோ தெரியாது. அவர் என் முகத்தையே பார்த்தார். வாடை அவருக்குப் போய்ச் சேர்ந்தது. நேற்றுக் கட்டிப் பிடித்தவர் அல்லவா, அவர் கண்ணில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகமாக இருந்தது. போய்ப் படுங்கள் சம்பந்தி, மேடைக்கு உங்கள் மச்சினர் வருவார் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, யாருக்கோ கண்ணைக் காட்டினார். இரண்டு பேர் வந்து என் தோளைப் பிடித்தார்கள்.

இவர்களுக்குப் புரியவைக்க எனக்குத் தெளிந்த நாக்கு வேண்டும். அது வருவதற்குள் உள்ளே மூன்று பெண்கள் தூங்கிவிடுவார்கள். சரி, குடிகாரன் என்கிறீர்கள், குடிகாரன் செய்கிற வேலையையே செய்கிறேன் என்று முடிவு கட்டினேன். இரண்டு பேரையும் உதறித் தள்ளிவிட்டு ஓடினேன். பந்திக்குப் போய்க்கொண்டிருந்த ரச வாளியை ஒருவர் கையிலிருந்து பிடுங்கி, அப்படியே ஜெனரேட்டரின் தலையில் கவிழ்த்தேன். படபடவென்று பொறி பறந்து அது அடங்கியது. மண்டபம் முழுக்க இருட்டானது. பின்கதவின் தாழை உடைத்துத் திறந்தேன். அறைக்குள் புகுந்து, அரைத்தூக்கத்தில் தலை சாய்ந்திருந்த மகளைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து வாசல் முகப்பில் மழைச்சாரலில் போட்டேன். திரும்பிப் போய் மற்ற இருவரையும் இழுத்து வந்தேன். பிரபா வாந்தி எடுத்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பிள்ளை, பயத்தில் பித்தம் ஏறிவிட்டது என்றார்கள். மகளின் மூச்சு சீராவதை நான் கண்ணால் பார்த்தேன். அவள் கூறைப்புடவையில் சேறும் ரசமும். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

ராமபாண்டி என் கன்னத்தில் அறைந்தான். தூக்கிக்கொண்டு போய்க் காய்கறி அறையில் போட்டு வெளியே தாழிட்டார்கள்.

தேங்காய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். மேலே ஒரு சன்னல் வழியாக ஈரக் காற்று வந்தது. நாக்கு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. பேச்சு திரும்பியதும் கதவைத் தட்டி, எல்லாரையும் கூப்பிட்டு, நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். ஜெனரேட்டர் இருந்த இடமே சாட்சி, பிரபாவின் ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். வருடக்கணக்கில் சுமந்த பேர் ஒரே நாளில் கழுவப்பட்டுவிடும். மகள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். அதை நினைக்கவே இனிப்பாக இருந்தது.

கதவு திறந்தது. வந்தவன் மாப்பிள்ளை. மாலையைக் கழற்றிவிட்டு வந்திருந்தான். திட்டுவான் என்று பார்த்தால், வாசல்படியிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியிருந்தது.

"ஜெனரேட்டரை ஏன் மாமா அப்படிப் பண்ணுனீக? அவளுக்கு வேர்க்கக் கூடாதுன்னுதான் நானே அதை உள்ள இழுத்துட்டு வந்து வச்சேன். அவ ரூம் ஏசி ஒரு நிமிஷம் நிக்கக் கூடாதுன்னு. சாரல் அடிக்குதுன்னு பின்கதவையும் நான்தான் சாத்துனேன். எங்கப்பா வெளிய வைன்னுதான் சொன்னாரு."

அவன் சொல்லச் சொல்ல, நான் சொல்ல வைத்திருந்ததை உள்ளேயே வைத்துக்கொண்டேன். இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணத்தன்றே பெண்ணைக் கொல்லப் பார்த்தார்கள் என்று ராமபாண்டி கத்துவான். தன் மகளும் அந்த அறையில் இருந்தவள் என்பதால் அவனை யாராலும் அடக்க முடியாது. போலீஸ் வரும், முகூர்த்தம் தப்பும். அதெல்லாம் தாண்டிக் கல்யாணம் நடந்தாலும் இந்தப் பையன் ஒவ்வொரு ராத்திரியும் பக்கத்தில் தூங்குகிற என் மகளின் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவளும் அவனை அதற்குப் பிறகு எப்படிப் பார்ப்பாளோ. அவளுக்கு வேர்க்கக் கூடாது என்று நினைத்த ஒருவன் கிடைத்திருக்கிறான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "மாப்ள, அந்த மெஷினு எம்புட்டு சத்தமில்லாம ஓடுனாலும் வெளியதான் இருக்கணும். வீட்டுக்குள்ள வைக்கவே கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

குடிகாரனைச் சமாதானப்படுத்துகிற பாவனையில் அவன் சத்தியம் செய்தான். எப்படிச் செய்தால் என்ன, சத்தியம் சத்தியம்தான். தெருவில் நிறுத்திய வேன் ஒன்றிலிருந்து வேறு ஜெனரேட்டருக்கு ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போனதும் பாண்டீஸ்வரி வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். என் எதிரே நின்று, என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். மற்றவர்களைப் போல அவளுக்குக் கோபம் இல்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நேத்து நான் மோந்து பாத்தேன், ஒண்ணுமே இல்ல. இன்னைக்கு எப்படி வந்துச்சு? அந்த ரூம்ல கேஸ் எதுவும் வந்துச்சா? உள்ளதைச் சொல்லுங்க. நான் இப்பவே போய் எல்லாருக்கும் முன்னாடி சொல்றேன். இன்னைக்கு என் வாயை எவனும் அடைக்க முடியாது."

சொல்லுவாள். அவளிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரிதான். எனக்காக இத்தனை வருடம் சண்டை போட்டவள், கையில் இப்படி ஒரு ஆயுதம் கிடைத்தால் கீழே வைப்பாளா? அவளை அமைதியாக மேடைக்கு அனுப்ப எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

"கேஸெல்லாம் இல்ல. குடிச்சேன்" என்றேன்.

"என்னது?"

"குடிச்சேன், பாண்டி. இன்னைக்கு மட்டுமில்ல. எப்பவுமே குடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். கேஸு கதையெல்லாம் உனக்காகச் சொன்னது."

அழுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கத்திலேயே தேங்காய் மூட்டைமேல் உட்கார்ந்தாள்.  பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அப்பாடா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"சொல்லக் கூடாதுதான். ஆனா இப்பத்தான் எனக்கு நிம்மதியா இருக்கு. எத்தனை பேருகிட்ட, எத்தனை வருஷம். எங்க வீட்டுக்காரர் குடிக்க மாட்டாரு, குடிக்க மாட்டாருன்னு. அவங்க சிரிக்கிறப்ப எல்லாம் நான் ஒருத்திதான் லூசு மாதிரி நின்னுக்கிட்டு. எனக்கு அலுத்துப்போச்சுங்க. இனிமே யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம் பாருங்க."

அவள் குரலில் வெறுப்பே இல்லை. களைத்துப்போன ஒருத்தி சுமையை இறக்கி வைத்த குரல். இதற்கு அவள் என்னை அடித்திருக்கலாம்.

எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். நேரமாகிறது, தாரை வார்க்க அண்ணன் ராமபாண்டியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றாள். கதவருகே நின்று, "பசிச்சா சாப்பாடு குடுத்துவிடவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வெளியே தாழ் விழுகிற சத்தம் கேட்டது.

சற்று நேரத்தில் மேடைப் பக்கம் மந்திரச் சத்தம் அடங்கி, கெட்டிமேளம் எழுந்தது. தாலி ஏறிவிட்டது. என் மகள் உயிரோடு, நல்லபடியாக, மனசுக்குப் பிடித்தவனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டாள். கூட்டத்தோடு கூட்டமாக அட்சதை போட என்னிடம் ஒன்றுமில்லை. சும்மா கையை மட்டும் மேலே தூக்கிவிட்டு இறக்கினேன்.

சன்னலிலிருந்து மழைக்காற்று வந்துகொண்டே இருந்தது. பந்தி நடந்தது, பாத்திரங்கள் உருண்டன, கார்கள் கிளம்பின. ஒரு மாதம் பட்டினி கிடந்து கொஞ்ச நேரமே விழித்திருந்தவை என்பதால், தீனி கிடைக்காமல் உள்ளே இருந்தவை சீக்கிரமே மறுபடி தூங்கப் போய்விட்டன போலிருக்கிறது. மத்தியானம் போய் வெயில் தாழ்ந்த பிறகு, மண்டபத்தைக் கழுவ வந்தவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளங்கையை வாயருகே குவித்து ஊதி, நானே முகர்ந்து பார்த்தேன். துளி வாடை இல்லை, பிறந்த குழந்தையின் மூச்சு மாதிரி இருந்தது. முகப்பில் சொந்தக்காரர்கள் சிலர் இன்னும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நடந்து போனபோது எல்லாரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.